வட்டிக் கணக்கைப் படித்த வக்கீல்



தாடிக்கொம்பு கடைவீதியில் ஒரு செல்போன் கடை இருக்கிறது. இஷா தொழுகை முடிந்து வரும்போது அங்கே பத்துப் பேராவது நின்று கிரிக்கெட் பார்த்துக் கொண்டிருப்பார்கள். அன்று டாக்காவில் ஆட்டம். மைதானத்தின் பெயர் திரையில் வந்தது: ஷேர்-எ-பங்ளா. ஒரு தம்பி என்னைப் பார்த்து, "ஹஜ்ரத், ஷேர்னா சிங்கம்தானே? வங்காளத்துல ஏது சிங்கம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பார்ஸியில் ஷேர் என்றால் சிங்கம். வங்காளக் காட்டில் இருப்பதோ புலி. அதனால் அந்த ஊரார் வங்கப் புலி என்றே பொருள் கொள்கிறார்கள். அது ஒரு மனிதருக்கு மக்கள் கொடுத்த பட்டம் என்று சொன்னேன். "நவாபா ஹஜ்ரத்?" என்றார். "இல்லை தம்பி, வக்கீல். கல்கத்தா மேயராக இருந்தவர்" என்றேன்.

2011 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் சேவாக் 175 ஓட்டம் எடுத்ததும், 2012ல் சச்சின் நூறாவது சதம் அடித்ததும் அந்த மைதானத்தில்தான். இரண்டையும் தேதியோடு ஒப்பிக்கிற நம் பிள்ளைகளுக்கு, மைதானத்துக்குப் பெயர் கொடுத்த மனிதரைத் தெரியவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. நாம்தான் சொல்லிக் கொடுக்கவில்லை! அபுல் காசிம் ஃபஸ்லுல் ஹக் என்ற பெயரை நம் மேடைகளில் உச்சரிக்கவே தயங்குகிறோம். 1940 மார்ச்சில் லாகூரில் முஸ்லிம் லீகின் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவர் என்பதால் வந்த தயக்கம் இது. அந்த ஒரு நாளுக்காக அவருடைய ஐம்பது ஆண்டு அரசியலை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டோம். லாகூருக்குப் பிறகு வருகிறேன்.

அன்றிரவு பேச்சு நீண்டது. இன்னொரு தம்பி, "திண்டுக்கல் 2014லேயே மாநகராட்சி ஆயிருச்சு. நம்மாளு ஒருத்தர் மேயரா வர முடியுமா ஹஜ்ரத்?" என்றார். "வந்தால் முதல் மாதம் என்ன செய்வீர்கள்?" என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒருவர், "நம்மாளு உட்கார்ந்தாலே பெருமைதானே!" என்றார்.

இந்தப் பெருமையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. உட்கார்ந்தவர்களின் பட்டியல் நம்மிடம் நீளமாகவே உண்டு. சட்டமன்றத்தில் உட்கார்ந்தார்கள், வாரியங்களில் உட்கார்ந்தார்கள், நகரசபைகளில் உட்கார்ந்தார்கள். மாலை போட்டோம், சால்வை போட்டோம், போஸ்டர் ஒட்டினோம். உட்கார்ந்து எழுந்த பிறகு எந்தக் கோப்பு நகர்ந்தது என்று கேட்டால் மட்டும் நமக்கு ஞாபகம் வருவதில்லை.

ஃபஸ்லுல் ஹக் 1873 அக்டோபர் 26ல் கிழக்கு வங்காளத்தின் பாரிசால் பகுதியில், சதுரியா என்ற ஊரில் பிறந்தார். ஆறும் வாய்க்காலும் நெல்வயலுமான பூமி. அரபும் பார்ஸியும் படித்த குடும்பம். தந்தையார் பாரிசால் நீதிமன்றத்தில் வக்கீல். வீட்டில் குர்ஆனும் அரபும் பார்ஸியும் ஓதிய பிறகே பள்ளிக்கூடம். பிறகு கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி, கணிதத்தில் எம்.ஏ., அடுத்து சட்டம். ஆசுதோஷ் முகர்ஜி என்ற பெரிய சட்ட மேதையிடம் தொழில் கற்றுக்கொண்டார். கிதாபும் கணக்கும் சட்டமும் ஒரே தலையில் இருந்தன. இந்த மூன்றில் ஒன்றைப் படித்தவர் மற்ற இரண்டையும் ஏளனமாகப் பார்ப்பது நம் சமுதாயத்தின் நோய். (நானும் அந்த நோயிலிருந்து தப்பியவன் அல்ல.)

1906ல் வக்கீல் தொழிலை விட்டு அரசு வேலைக்குப் போனார். துணை மாஜிஸ்திரேட் பதவி. அங்கிருந்து கூட்டுறவுச் சங்கங்களைப் பார்க்கும் துறைக்கு மாற்றினார்கள். அவர் வாழ்க்கையில் திருப்பம் இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். கூட்டுறவு அதிகாரியின் வேலை என்ன? கிராமம் கிராமமாகப் போய் யாருக்கு எவ்வளவு கடன், யாரிடம், என்ன வட்டி என்று விசாரிப்பது. அப்படிப் போன இடத்தில் வங்காள விவசாயியின் நிலையை அவர் பார்த்தார். நிலத்துக்கு மேலே ஜமீன்தார். 1793ல் கார்ன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தரத் தீர்வையில் முளைத்தவர்கள். ஜமீன்தாருக்கும் உழுபவனுக்கும் நடுவே வரிசையாக இடைத்தரகர்கள். எல்லாருக்கும் கப்பம் கட்டிய பிறகு விதைநெல்லுக்குக் காசில்லை. காசுக்கு மகாஜன், அதாவது லேவாதேவிக்காரர். அவர் கையில் விவசாயியின் பெருவிரல் ரேகை பதிந்த ஒரு தாள். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ரேகை வைத்தவனுக்குத் தெரியாது!

இதைப் படித்துவிட்டு, ஐயோ பாவம் வங்காள விவசாயி என்று உச்சுக்கொட்டிவிட்டு நகராதீர்கள். சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு சிறு வியாபாரி, தள்ளுவண்டியிலிருந்து கடைக்கு முன்னேறியவர், ஒரு கவரை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு வந்தார். வக்கீல் நோட்டீஸ். ஆங்கிலத்தில் இருந்தது. அவர் வாங்கியது 50,000 ரூபாய். தினத் தண்டலாகக் கட்டியது 80,000க்கு மேல். நோட்டீஸில் கேட்டிருந்தது 2 லட்சம். "வெத்து புரோநோட்டுல கையெழுத்துப் போட்டேன் ஹஜ்ரத். எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றார். ஏழு வருடம் மதரஸாவில் ஓதியவன் நான். வட்டி ஹராம் என்பதற்கு அவருக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஆதாரம் காட்ட முடியும். ஆனால் அந்த நோட்டீஸை வாசித்து விளக்க என்னால் முடியவில்லை! இருவரும் திண்டுக்கல் போய் ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "கட்டினதுக்கு ரசீது இருக்கா பாய்?" என்பதுதான். இல்லை. தண்டல்காரர் ஒரு சிறிய அட்டையில் தேதி போட்டுத் தருவார். அட்டை நிறைந்ததும் அவரே வாங்கிக்கொள்வார்.

வட்டி கொடுப்பது பாவம் என்று நாம் மிம்பரில் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் வட்டியில் சிக்கியவனை வெளியே இழுத்துப்போட நம் கையில் கயிறு இருக்கிறதா? ஹக் சாகிபின் அரசியல் முழுவதும் இந்தக் கயிறு திரிக்கும் வேலைதான், அதை அவர் மறக்காமல் இருந்த வரைக்கும்.

அரசு வேலையை உதறிவிட்டு மீண்டும் வக்கீலானார். 1913ல் டாக்காவிலிருந்து வங்காள சட்டசபைக்குப் போனார். அப்போது காங்கிரஸிலும் லீகிலும் ஒரே நேரத்தில் இருக்க முடிந்தது. 1918ல் டெல்லியில் கூடிய முஸ்லிம் லீக் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர், அதே காலத்தில் காங்கிரஸின் பொதுச் செயலாளர்களில் ஒருவராகவும் இருந்தார்! 1919ல் ஜாலியன்வாலாபாக் கொடுமையை விசாரிக்கக் காங்கிரஸ் அமைத்த குழுவில் காந்தியோடும் சி.ஆர். தாஸோடும் அவர் பெயரும் இருந்தது. ஆனால் ஒத்துழையாமை இயக்கம் பள்ளிகளையும் கல்லூரிகளையும் பகிஷ்கரிக்கச் சொன்னபோது மறுத்தார். அப்போதுதான் கல்லூரிப் படியேறத் தொடங்கியிருந்த முஸ்லிம் பிள்ளையைப் பாதியில் இறங்கச் சொல்லக் கூடாது என்பது அவர் வாதம். அன்றைய உணர்ச்சி வெள்ளத்தில் அப்படிப் பேசுவதற்குத் துணிச்சல் வேண்டும். அவர் சொன்னது சரி என்பதே என் கருத்து.

இனி மேயர் கதைக்கு வருவோம். அது அவரிடமிருந்து தொடங்கவில்லை. சித்தரஞ்சன் தாஸிடமிருந்து தொடங்குகிறது. அவரும் வக்கீல். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தருக்காக வாதாடி விடுதலை வாங்கித் தந்தவர். கொட்டிக்கொண்டிருந்த வருமானத்தை விட்டுவிட்டு ஒத்துழையாமையில் குதித்தவர். 1923 டிசம்பரில் அவர் முஸ்லிம்களோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். வங்க ஒப்பந்தம் என்று பெயர். சுயாட்சி வரும்போது அரசு வேலைகளில் 55 சதவீதம் முஸ்லிம்களுக்கு. உள்ளாட்சி மன்றங்களில் எந்த மாவட்டத்தில் எந்தச் சமூகம் பெரும்பான்மையோ அதற்கு 60, சிறுபான்மைக்கு 40. பள்ளிவாசல் முன்னால் மேளதாளம் கூடாது. காகிநாடாவில் கூடிய காங்கிரஸ் இதை ஏற்கவில்லை. தாஸ் அசைந்து கொடுக்கவில்லை. 1924 ஏப்ரலில் கல்கத்தாவின் முதல் மேயரானார். துணை மேயராக சுஹ்ரவர்தி என்ற இளம் பாரிஸ்டர், தலைமை நிர்வாக அதிகாரியாக 27 வயது சுபாஷ் சந்திர போஸ். மாநகராட்சியில் முதலில் நிரப்பிய 33 வேலைகளில் 25 முஸ்லிம்களுக்குப் போனது. மேடையில் பேசியதை ஆர்டராக அடித்துக் கையில் கொடுத்தார் மனிதர்! அடுத்த வருடம், 1925 ஜூன் 16ல் தாஸ் இறந்தார். 1926ல் அவருடைய கட்சிக்காரர்களே ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டார்கள். அதே ஆண்டு கல்கத்தாவில் பள்ளிவாசல் முன் மேளம் அடித்ததை வைத்துக் கலவரம்.

நல்ல மனிதர் ஒருவரின் வாக்கை நம்பிய சமுதாயம், அந்த மனிதர் மறைந்ததும் நடுத்தெருவில் நின்றது. ஒப்பந்தம் சட்டப் புத்தகத்தில் ஏறாமல் ஒருவரின் நெஞ்சில் மட்டும் இருந்ததால் வந்த வினை. நம் பக்கத்துக் கதையையும் இதோடு வைத்துப் பாருங்கள். 1927ல் சென்னை மாகாணத்தில் முத்தையா முதலியார் வகுப்புவாரி ஆணையை அமல்படுத்தினார். 12 வேலைகளில் 2 முஸ்லிம்களுக்கு. அது யாருடைய பெருந்தன்மையையும் நம்பி இருக்கவில்லை, அரசாணையாக இருந்தது. 2007ல் நமக்குக் கிடைத்த 3.5 சதவீதமும் சட்டமாக வந்ததால்தான், ஆட்சி மாறிய பிறகும் நிற்கிறது.

1935ல் ஃபஸ்லுல் ஹக் கல்கத்தா மேயரானார். அந்த நாற்காலிக்கு வந்த முதல் முஸ்லிம். வாழ்த்துத் தந்திகள் குவிந்திருக்கும்! ஆனால் அது ஒரு வருட நாற்காலி. கூட்டத்துக்குத் தலைமை வகிக்கலாம், விருந்தினரை வரவேற்கலாம். நிர்வாகச் சாவி அதிகாரியின் இடுப்பில். முதல் முஸ்லிம் மேயர் என்ற பெருமையைத் தவிர அந்த வருடத்திலிருந்து அவர் வரலாற்றில் எடுத்துச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. தம்பிமார்கள் இதைக் கவனிக்க வேண்டும்! மேயர் பதவியால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. சென்னையில் 1939ல் மேயரான சத்தியமூர்த்தியும் வக்கீல்தான். நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழி செய்தார். அது திறக்கப்படுவதற்குள், 1943ல், இறந்தும் போனார். இன்றும் சென்னைக்காரர்கள் குடிக்கிற தண்ணீரில் அவர் பங்கு இருக்கிறது. எந்தக் காரியத்துக்காக உட்காருகிறோம் என்று உட்காருவதற்கு முன்பே தெரிந்திருந்தால் சிறிய நாற்காலியும் போதும்.

ஹக்குக்குத் தன் காரியம் எது என்று தெரியும். அது கல்கத்தா மாநகராட்சியில் இல்லை, கிராமத்தில் இருந்தது. 1936ல் விவசாயிகளுக்காக கிருஷக் பிரஜா கட்சியைக் கட்டினார். 1937 தேர்தலில் அவர் எழுப்பிய கோஷம் பருப்பும் சோறும். எல்லார் தட்டிலும் பருப்புச் சோறு, அவ்வளவுதான்! பட்டுவாகாலி தொகுதியில் அவரை எதிர்த்து நின்றவர் கவாஜா நாஜிமுத்தீன். டாக்கா நவாப் குடும்பம், கேம்பிரிட்ஜ் படிப்பு, வெள்ளைக்காரன் கொடுத்த சர் பட்டம். அவரும் முஸ்லிம், இவரும் முஸ்லிம். நம்மாளு என்று பார்த்தால் இருவருமே நம்மாளுதான். ஓட்டுப்போட்ட விவசாயிகள் நம்மாளா என்று கேட்கவில்லை. நம் கடனைப் பற்றிப் பேசுகிறவர் யார் என்று கேட்டார்கள். நவாப் வீட்டுப் பிள்ளை தோற்றார், அதுவும் பெரும் வித்தியாசத்தில்.

இந்த இடத்தில்தான் ஹக் சறுக்கினார். 250 பேர் கொண்ட சபையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. காங்கிரஸோடு கூட்டணி பேசினார், பேச்சு முறிந்தது. அரசியல் கைதிகளின் விடுதலை முதலில் என்றது காங்கிரஸ். விவசாயியின் கடன் முதலில் என்றது இவர் தரப்பு. பிற கட்சிகளோடு சேர்ந்து மந்திரிசபை அமைக்கும் மனநிலையில் காங்கிரஸ் மேலிடமும் இல்லை. பிறகு லீகோடு சேர்ந்து 1937 ஏப்ரலில் வங்காளத்தின் பிரதமரானார். (அந்நாளில் மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் அழைத்தார்கள்.) பதினோரு பேர் மந்திரிசபை. அதில் பெரும்பாலோர் ஜமீன்தார் வர்க்கம். பட்டுவாகாலியில் மக்கள் வீட்டுக்கு அனுப்பிய அதே நாஜிமுத்தீன், சுஹ்ரவர்தி விட்டுக்கொடுத்த கல்கத்தா இடத்தில் நின்று வந்து, உள்துறை மந்திரியாக உட்கார்ந்தார்! எந்த ஜமீன்தார்களை எதிர்த்து ஓட்டு வாங்கினாரோ அவர்கள் மேஜையின் இரண்டு பக்கமும். சொந்தக் கட்சிக்காரர்களுக்கு இடமில்லை. அவர்கள் கொதித்தார்கள், பிரிந்தார்கள். தன் கட்சி கரைந்துகொண்டிருக்க, ஹக் அக்டோபரில் லக்னோவில் லீகிலேயே சேர்ந்தார்.

அவருடைய பெரிய தவறு லாகூர் என்று பலர் சொல்வார்கள். நான் 1937 ஏப்ரல் என்று சொல்வேன். நாற்காலியைத் தாங்கிப் பிடிக்கத் தன் கட்சியின் கால்களையே வெட்டி முட்டுக் கொடுத்தார். அதன்பின் அவர் யாருடைய தயவில் நின்றாரோ அவர்கள் இழுத்த பக்கம் போக வேண்டியதாயிற்று.

அப்படியும் அவர் செய்த காரியம் சிறியதல்ல. கடன் தீர்ப்பு வாரியங்களுக்கான சட்டம் 1935லேயே வந்திருந்தது. அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் நடக்க வைத்தது இவருடைய ஆட்சி. கிராமத்திலேயே வாரியம் உட்காரும். கடன் வாங்கியவனும் கொடுத்தவனும் வர வேண்டும். தாளை எடு, கணக்கைக் காட்டு, இவ்வளவுதான் நியாயம், இத்தனை தவணையில் கட்டு என்று தீர்த்துவைக்கும். 1938ல் குத்தகைச் சட்டத் திருத்தம். நிலம் கைமாறினால் ஜமீன்தார் வாங்கிய சலாமிப் பணம் ஒழிந்தது. பத்து வருடத்துக்குக் குத்தகையை உயர்த்தும் அதிகாரம் நிறுத்தப்பட்டது. 1940ல் லேவாதேவிச் சட்டம். உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடக்கூடாது. அடமானக் கடனுக்கு 8 சதவீதம், அடமானம் இல்லாததற்கு 10 சதவீதம், அதுவும் தனிவட்டி. எல்லாவற்றையும் விட ஒரு விதி என்னைக் கவர்ந்தது: அசலும் வட்டியும் சேர்ந்து, ஏற்கெனவே கட்டியதையும் கூட்டி, அசலைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வசூலிக்கக் கூடாது. நம் தள்ளுவண்டி வியாபாரியின் 50,000 அந்தக் கணக்கில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்க முடியாது.

சென்னை மாகாணத்திலும் ராஜாஜி அரசு 1938ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. காலத்தின் காற்று அப்படி அடித்தது என்று சொல்லலாம். ஆனால் வங்காளத்தில் இதற்கு வகுப்புவாத வர்ணம் பூசினார்கள். கடன் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், வாங்கியவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பதால், இது இந்துக்களுக்கு எதிரான சட்டம் என்று பத்திரிகைகள் எழுதின. கடனில் மூழ்கிய நாமசூத்திர விவசாயிக்கும் அதே வாரியத்தில் அதே நியாயம்தானே கிடைத்தது? அதை யார் எழுதினார்கள்!

குறையையும் சொல்லியாக வேண்டும். அவர் சட்டத்தால் பயன் பெற்றவர்கள் பட்டா உள்ள குடியானவர்கள். பங்குக்கு உழுத பர்காதாருக்கு அதில் ஒன்றுமில்லை. அவர்கள் 1946ல் தெபாகா போராட்டத்தில் தெருவுக்கு வந்தார்கள். இன்னொன்று இன்னும் கசப்பானது. சட்டத்துக்குப் பயந்து லேவாதேவிக்காரர்கள் பெட்டியைப் பூட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பதிலாகக் கைமாற்றுக் கொடுக்க யாருமில்லை. கூட்டுறவுச் சங்கங்கள் நொடித்துக் கிடந்தன. 1943 பஞ்சம் வந்தபோது ஏழை வீட்டில் அரிசியும் இல்லை, கடன் கேட்கப் போக வீடும் இல்லை. அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் சுமார் 30 லட்சம் என்று கணக்கிடுகிறார்கள். பஞ்சத்துக்குக் காரணம் போரும் வெள்ளையர் ஆட்சியின் அலட்சியமும் பதுக்கலும். இந்தச் சட்டத்தின் மேல் பழி போட முடியாது. ஆனாலும் கெட்ட கதவை அடைத்தவர்கள் நல்ல கதவு ஒன்றைத் திறந்து வைக்கவில்லை என்பது உண்மை.

கல்வித் துறையைத் தன் கையிலேயே வைத்திருந்தார். முஸ்லிம் பெண்களின் மேல்படிப்புக்காகக் கல்கத்தாவில் லேடி பிரேபோர்ன் கல்லூரி 1939ல் வந்தது. பெண் பிள்ளைக்குப் பத்தாவதுக்கு மேல் எதற்கு என்று கேட்கிற பெரியவர்கள் இன்றும் நம் மஹல்லாக்களில் உண்டு. அவர்கள் அந்த வருடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். அதே 1939ல் அரசு வேலை நேரடி நியமனத்தில் முஸ்லிம்களுக்கு 50 சதவீதம் என்று விதி வந்தது. தாஸ் வாயால் சொன்னது பதினைந்து வருடம் கழித்துத் தாளில் ஏறியது.

சரி, லாகூர். 1940 மார்ச் 23. தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஹக். அந்தத் தீர்மானத்தில் பாகிஸ்தான் என்ற சொல்லே கிடையாது. முஸ்லிம் பெரும்பான்மைப் பகுதிகளில் சுதந்திர 'நாடுகள்' என்று பன்மையில் இருந்தது. அந்தப் பன்மையைப் பின்னால் ஒருமையாக்கினார்கள். இதைச் சொல்லி அவரை முழுவதும் விடுவித்துவிட முடியாது. தீர்மானம் எங்கே போய் முடியும் என்று யோசிக்காமல் கைதட்டலுக்கு நடுவே எழுந்து நின்றார். அவர் ஊன்றிய விதையின் நிழலில் அவரே நிற்க முடியாமல் போனது. இந்தப் பக்கம் தங்கிவிட்ட நம் பாட்டனார்களும் பேரப்பிள்ளைகளும் அதற்கு இன்றுவரை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த வருடமே ஜின்னாவோடு மோதல். வைஸ்ராயின் போர்க்காலப் பாதுகாப்புக் குழுவிலிருந்து விலகும்படி உத்தரவு வந்தது. விலகினார், கூடவே லீகின் செயற்குழுவையும் விட்டு விலகினார். மேலிடம் டெல்லியிலோ பம்பாயிலோ உட்கார்ந்துகொண்டு வங்காள முஸ்லிமின் தலையெழுத்தை எழுதுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. சரியான கோபம்! ஆனால் கோபத்தில் எடுத்த முடிவைப் பாருங்கள். 1941 டிசம்பரில் ஹிந்து மகாசபையின் சியாமா பிரசாத் முகர்ஜியைச் சேர்த்துக்கொண்டு புதிய மந்திரிசபை. பின்னாளில், 1951ல், ஜனசங்கத்தைத் தொடங்கியவர் அவர்தான். இரு சமூகமும் சேர்ந்தால்தான் வங்காளம் பிழைக்கும் என்று ஹக் நம்பினார் என்பார்கள். இருக்கலாம். நாற்காலியும் பிழைத்ததே என்று எதிரிகள் கேட்டால் அதற்கும் முழுப் பதில் இல்லை. 1943 மார்ச் கடைசியில் கவர்னர் ஹெர்பர்ட் அவரை அழைத்து, தயாராக எழுதி வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ரேகை வைத்த விவசாயிகளுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய வக்கீல், நன்றாகத் தெரிந்தும் கையெழுத்துப் போட வேண்டிய நிலை! பெரும்பான்மை இருந்தும் தெருவில் இறங்கிக் கேட்கக் கட்சி இல்லை. அதை அவர் 1937லேயே கரைத்துவிட்டார். அடுத்து பிரதமரானவர் யார் என்கிறீர்கள்? நாஜிமுத்தீன்!

1954ல் எண்பது வயதில் திரும்பி வந்தார். கிழக்குப் பாகிஸ்தான் தேர்தலில் ஐக்கிய முன்னணி, முஸ்லிம் லீகைத் துடைத்து எறிந்தது. 237 முஸ்லிம் இடங்களில் லீகுக்குக் கிடைத்தது பத்துக்குள். ஏப்ரல் 3ல் முதல்வர். பிறகு கல்கத்தா போனார். பழைய நகரத்தைப் பார்த்ததும், எல்லைக்கோடு வங்காளிகளின் உறவைப் பிரித்துவிட முடியாது என்ற பொருளில் மனம் உருகிப் பேசினார். கராச்சிக்கு அது போதுமானதாக இருந்தது. தேசத்துரோகி என்று சொல்லி மே 30ல் அவர் அரசைக் கலைத்தார்கள். லாகூர் தீர்மானத்தை முன்மொழிந்தவருக்குப் பாகிஸ்தான் கொடுத்த பட்டம் இது! அடுத்த வருடமே அதே மனிதரை உள்துறை மந்திரியாகவும் அழைத்துக்கொண்டார்கள் என்பது இன்னொரு கூத்து. 1962 ஏப்ரல் 27ல் டாக்காவில் மறைந்தார். அங்கே அவரையும் சுஹ்ரவர்தியையும் நாஜிமுத்தீனையும் பக்கத்தில் பக்கத்தில் அடக்கம் செய்து, மூன்று தலைவர்கள் நினைவிடம் என்று மேலே கட்டியிருக்கிறார்கள். பட்டுவாகாலியில் ஒருவரை ஒருவர் தோற்கடிக்கப் பாடுபட்டவர்கள் இன்று அண்டை வீட்டுக்காரர்கள்.

அந்தத் தம்பிமார்களிடம் இதையெல்லாம் ஒரே இரவில் சொல்லவில்லை. மூன்று நான்கு நாள் ஆனது. கடைசி நாள் ஒருவர், "அந்த மாதிரி சட்டம் நம்ம ஊர்ல இல்லையா ஹஜ்ரத்?" என்று கேட்டார். இருக்கிறது! 2003ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டம், தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்கிறது. கடை வீதியில் புழங்குகிற அதே வார்த்தைகள் சட்டப் புத்தகத்தில்! ஆனால் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஒரு கூலித் தொழிலாளி மனைவி மக்களோடு கந்துவட்டிக் கொடுமையால் தீக்குளித்தார். மனு மேல் மனு கொடுத்தவர் அவர். சட்டம் இருந்தது, மனு இருந்தது. மனுவைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக நடக்க அவருக்கு ஒரு ஆள் இல்லை.

திண்டுக்கல் பேகம்பூரிலும் நாகல் நகரிலும் நம் கடைவீதிகளிலும் எத்தனை பேர் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதற்கு யாரிடமும் கணக்கு இல்லை. வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். ஹஜ்ரத் திட்டுவார் என்று என்னைப் போன்றவர்களிடமும் மறைக்கிறார்கள். திட்டுவதை நான் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஜமாஅத் பைத்துல்மாலில் கிடக்கிற பணத்தை வருடத்துக்கு ஒருமுறை மருத்துவ உதவி என்று பிரித்துக் கொடுப்பதோடு நிற்காமல், வட்டியில்லாக் கைமாற்றாகச் சிறு வியாபாரிகளுக்குச் சுழலவிட வேண்டும் என்று முத்தவல்லிகளிடம் பேசி வருகிறேன். சிலர் தலையாட்டுகிறார்கள். சிலர், திரும்பி வராவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், இரண்டு ஜாமீன், வாராவாரம் தவணை என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சட்டக் கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகள் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு தாடிக்கொம்பில் உட்காருவோம், இன்ஷா அல்லாஹ். கடன் வாங்கியவர்கள் தண்டல் அட்டையையும், நோட்டீஸ் வந்திருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். அட்டை தண்டல்காரரிடம் போயிருந்தால், எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினீர்கள் என்பதை ஞாபகம் உள்ளவரை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இனிமேல் கட்டுகிற ஒவ்வொரு தண்டலுக்கும் அட்டையை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைத் தம்பியே எப்படி என்று காட்டித் தருவார்.